கொப்பித் தாளில் கடலடி முறிவு: வெட்டி இழுத்துப் பார்ப்போம்

முல்லைத்தீவுக் கரைப் பிள்ளைகளிடம் சுனாமி எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், "சுமாத்ராவில இருந்து" என்று உடனே சொல்வார்கள். மாலை வகுப்பில் ஒருத்தி, "அப்ப ஏன் சேர், எங்கட கடலுக்கடியில அப்பிடி வெடிக்கேல்ல?" என்று கேட்டாள். பலகையில் படம் கீறினேன், விளங்கவில்லை. கடதாசியை வெட்டி இழுத்துக் காட்டிய பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. அதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஏ4 அளவுள்ள பெட்டி மட்டை ஒன்று, கொப்பித் தாள் இரண்டு, பிளேட், அடிமட்டம், பென்சில் போதும்.

1. மட்டையை அகலவாட்டில் வையுங்கள். இடது ஓரத்திலிருந்து 12 சென்ரிமீற்றர் தள்ளி, மேலிருந்து 2 முதல் 10 சென்ரிமீற்றர் வரை நேராக ஒரு வெட்டு. 18 சென்ரிமீற்றர் தள்ளி, 10 முதல் 18 வரை இரண்டாவது வெட்டு. ஒவ்வொரு வெட்டும் இரண்டு மில்லிமீற்றர் அகலமாக இருக்கட்டும். ஒரே கோடாக வெட்டினால் தாள் சிக்கிக் கிழியும், எனக்கு முதல்முறை அப்படித்தான் ஆனது. முதல் வெட்டின் கீழ் முனையையும் இரண்டாவதன் மேல் முனையையும் பென்சிலால் இணையுங்கள். இந்த 6 சென்ரிமீற்றர் கோட்டை வெட்டக் கூடாது.

2. தாள்களில் 8 சென்ரிமீற்றருக்கு ஒரு நூல் குறைவான அகலத்தில் நான்கு பட்டிகள் எடுங்கள். ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு சென்ரிமீற்றருக்குக் கோடு போட்டு 1, 2, 3 என்று இலக்கமிடுங்கள்.

3. ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் மட்டையின் அடிப்பக்கத்திலிருந்து இரண்டு பட்டிகளை, 1 முதலில் வரும்படி நுழைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் மடியுங்கள். நான்கையும் சமமாக 8 சென்ரிமீற்றர் வெளியே இழுங்கள்.

இந்த வெட்டுகள்தான் கடலடி முகடுகள். உருகிய பாறை மேலே வந்து, புதிய கடல் தளமாகி, இரு பக்கமும் விலகுகிறது. இந்து சமுத்திரத்தில் கார்ல்ஸ்பேர்க் முகடு அப்படிப்பட்டது.

4. மேல் பட்டியும் கீழ்ப் பட்டியும் தொடும் எல்லையைக் குறுக்கே வெட்டும்படி இரண்டு சிறு கோடுகள் போடுங்கள்: ஒன்று வெட்டுகளுக்கு நடுவில், மற்றது முதல் வெட்டுக்கு இடப்புறம் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி. இப்போது எல்லாப் பட்டிகளையும் இன்னும் 2 சென்ரிமீற்றர் இழுங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். நடுக் கோடு இரண்டாகி 4 சென்ரிமீற்றர் விலகிவிட்டது. இடப்புறக் கோடு உடையாமல் அப்படியே நகர்ந்திருக்கிறது. நடுப்பகுதியில் பாறைகள் எதிரெதிர்த் திசையில் உரசுகின்றன. பூமியின் மேற்புறத்தை மூடியிருக்கும் பெரும் பாறைத் துண்டுகளைத் தகடுகள் என்பார்கள். உண்மையான தகட்டு எல்லை அதுதான், நிலநடுக்கமும் பெரும்பாலும் அங்கேதான். அதற்கு வெளியே நீளுவது முறிவு வலயம். அங்கே இரு பக்கமும் ஒரே தகடு, ஒரே திசை. அது பழைய தழும்பு. 1965இல் கனேடியப் புவியியற்பியலாளர் டூசோ வில்சன் சொன்ன இந்த விளக்கத்தை, 1967இல் அமெரிக்க நிலநடுக்கவியலாளர் லின் சைக்ஸ் நிலநடுக்கப் பதிவுகளைக் கொண்டு உறுதிப்படுத்தினார்.

தழும்பின் இரு பக்கமும் உள்ள இலக்கங்களையும் பாருங்கள். எங்கே தொட்டாலும் மூன்று வித்தியாசம். பழைய பாறை குளிர்ந்து அடர்த்தியாகித் தாழ்ந்துவிடும், அதனால் கடலடியில் அங்கே ஒரு படி இருக்கும்.

5. இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. இலங்கை இந்தியத் தகட்டின் உள்ளே இருக்கிறது. எங்கள் கரைக்குப் பக்கத்தில் வெட்டும் இல்லை, உரசும் கோடும் இல்லை. கிழக்கே சுமாத்ரா அகழி எனும் ஆழ்கடல் பள்ளத்தில் அந்தத் தகடு வேறொன்றின் கீழே போகிறது. ஒரு தாளை மேசையில் வைத்து, அதன் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு அடியில் இன்னொன்றைத் தள்ளுங்கள். மேல் தாள் வளையும். விரலை எடுத்தால் துள்ளி எழும். 2004 டிசம்பர் 26இல் 9.1 அளவு நிலநடுக்கத்தில் 1,200 கிலோமீற்றருக்கும் மேல் அப்படித் துள்ளி, கடலைத் தூக்கியது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை எங்கள் கரையில்.

2012 ஏப்ரல் 11இல் அந்தப் பக்கம் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தது. எச்சரிக்கையும் விடுத்தார்கள், ஆனால் அலை சிறியது. அகழிக்கு மேற்கே, தகட்டுக்குள்ளே, பழைய முறிவு வலயங்கள் உள்ள வார்ட்டன் வடிநிலம் என்ற இந்து சமுத்திரக் கடலடிப் பகுதியில் பாறை பக்கவாட்டில் வழுக்கியது. மட்டையில் இடப்புறப் பட்டிகள் இரண்டையும் எதிரெதிராகத் தள்ளிப் பாருங்கள். கோடு விலகும், தாள் மேலே எழும்பாது.