மாதிரி ரயிலின் பெயின்டை உரிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தலவாக்கலை, நானுஓயா, ஹப்புத்தளை என்று நாம் தினமும் பார்க்கிற கோச்சியை மேசைமேல் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் சிக்கல், அந்த மாதிரி ஆயத்தமாகக் கிடைப்பது மிக அரிது என்பதுதான். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி இங்கிலாந்தின் மாதிரி ரயில்பெட்டி ஒன்றை எடுப்பிக்கிறோம். அதன் நிறத்தை உரித்துவிட்டு நம் பாதையின் நிறத்தைப் பூசுகிறோம். தண்டவாளம்கூட ஒத்துப்போகாது. நம் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர், 1:76 அளவுக்குக் குறைத்தால் 22 மில்லிமீற்றர் வர வேண்டும். ஓஓ (OO) என்று அழைக்கப்படும் அந்த 1:76 அளவுப் பிரித்தானிய மாதிரிகள் ஓடுவதோ 16.5 மில்லிமீற்றரில். அதைக் கண்டும் காணாமல் விடலாம். நிறத்தில் பிழை வந்தால் விட மனம் வராது. பொடி மெனிக்கே ரயில் வளைவில் திரும்பும்போது பார்த்து வளர்ந்த கண் அல்லவா.

நான் முதன்முதலில் உரித்த பெட்டி பெரியம்மா மகன் அனுப்பியது. டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் "பெயின்ட் கழற்ற நல்ல ஸ்ட்ரோங்கா ஒன்று குடுங்க" என்று கேட்டேன். தின்னர் ஒரு போத்தலில் ஊற்றித் தந்தார்கள். துணியில் நனைத்துத் துடைத்த முதல் நிமிடம் பெயின்ட் அழகாக வந்தது. இரண்டாவது நிமிடம் ஜன்னல்களுக்கு இடையிலுள்ள கம்பங்கள் கையோடு வந்தன. கடைக்காரர் மேல் பிழை இல்லை. நான் கேட்டதைத்தான் தந்தார். நான் கேட்ட கேள்விதான் பிழை.

"எது பலமானது?" என்று கேட்பதுதான் இந்த வேலையின் தாய்த்தவறு. பெயின்ட் எது, பிளாஸ்டிக் எது என்று எந்தத் திரவத்துக்கும் தெரியாது. அந்தக் கோட்டை நாம்தான் போட வேண்டும். அதனால் கடைக்குப் போகுமுன் பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெயின்டுக்கு அடியில் இருப்பது என்ன?

பெரும்பாலான பெட்டிகளின் உடல் பொலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக். சாதாரணத் தின்னரில் தொலுயீன், அசெற்றோன் போன்றவை கலந்திருக்கும். நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றிலும் அசெற்றோன் உண்டு. இவை இந்த இரண்டு பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். பித்தளையில் செய்த இஞ்சினுக்கு அதே தின்னரால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதில் பசை போட்டு ஒட்டிய துண்டுகள் கழன்று விழலாம். 1950களின் தொடக்கத்தில் வந்த ட்ரை-ஆங் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் பெட்டிகள் சில செலுலோஸ் அசெற்றேற் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்தவை. அவை வெயிலுக்கே நெளிந்துபோகும் சாதி. தாத்தா காலத்துப் பெட்டி கையில் கிடைத்தால் உரிக்காமல் அப்படியே வைப்பதுதான் என் யோசனை. முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் துண்டுகள் அல்கஹோலில் நெடுநேரம் ஊறினால் உப்பி வெடிக்கும்.

பிளாஸ்டிக் எது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, சோதித்துப் பார்க்கலாம். யோகட் கப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்டைரீன். வாங்கி வந்த திரவத்தில் அந்தக் கப்பின் ஒரு துண்டைப் போட்டு ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிசுபிசுத்தாலோ வளைந்தாலோ அந்தப் போத்தலைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். அதில் தேறினால், பெட்டியின் உட்பக்கத்தில், வெளியே தெரியாத ஒரு மூலையில், பஞ்சுக் குச்சியால் ஒரு துளி வைத்துப் பாருங்கள். இரண்டு சோதனையும் வேண்டும். கப்பும் பெட்டியும் ஒரே பிளாஸ்டிக் என்று யாரும் உறுதி தரவில்லை.

சரி, நம் ஊரில் என்ன கிடைக்கும்?

நான் முதலில் கை வைப்பது ஐசோபுரோப்பைல் அல்கஹோல். பாமசியிலும் இலத்திரனியல் சாமான் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது வீதத்தைப் பாருங்கள். 99 வீதமும் 70 வீதமும் ஒன்றல்ல, 70இல் மிச்சம் தண்ணீர், வேலை மெதுவாகத்தான் நடக்கும். கைக்குப் பூசும் சானிடைசரை இதற்குப் பதிலாகப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் கிளிசரீன் போன்ற சேர்மானம் இருக்கும். அது மெல்லிய படலமாகத் தங்கி, பிறகு பூசும் பெயின்டைப் பிடிக்க விடாது.

டெட்டோல் பல வீடுகளில் இருக்கும். அக்ரிலிக் பெயின்டுக்குத் தண்ணீர் கலக்காத டெட்டோல் நன்றாக வேலை செய்யும். இங்கே எல்லாரும் செய்கிற பிழை, ஊறியதும் பைப்பைத் திறந்து கழுவுவது. தண்ணீர் பட்டவுடன் டெட்டோல் வெள்ளையாகும், கரைந்த பெயின்ட் தார் மாதிரித் திரண்டு இடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். முதலில் புது டெட்டோலிலேயே அலசி, பெயின்ட் முழுக்கப் போன பிறகுதான் சவர்க்காரத் தண்ணீர். பூனை வளர்க்கிற வீடென்றால் மூடி வைத்து ஊறப் போடுங்கள், பூனைக்கு அது நஞ்சு.

பிரேக் ஒயிலை நம்மில் பலர் பெரியவர்களிடம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதில் டொட் 3, டொட் 4, டொட் 5.1 மூன்றும் கிளைக்கோல் வகை, பெயின்டை இளக்கும். டொட் 5 சிலிக்கோன். பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனால் அது பெயின்டைக் கழற்றாது. கழற்றாததோடு நிற்காமல், எந்தப் பெயின்டும் ஒட்டாத ஒரு பூச்சையும் விட்டுப் போகும். கிளைக்கோல் வகையிலும் நாள்கணக்கில் ஊறப் போட்டால் சில பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தோலுக்கும் கூடாது. எனக்கு இது கடைசித் தெரிவு.

கோஸ்டிக் சோடா பித்தளைக்கு மட்டும். அலுமினியத்தில் பட்டால் அரித்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு கிளம்பும், ஆகவே குசினியில் கிடக்கும் அலுமினியச் சட்டியில் கரைக்கவே கூடாது. மாதிரி இஞ்சின்களில் வரும் நாகக் கலப்பு வார்ப்புகளையும் அது தின்னும். கரைக்கும்போது தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோட்டத்திலிருந்து வாகனம் கிடைக்காவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

ஹார்ட்வெயார் கடையில் தகர டின்னில் வரும் கெட்டியான பெயின்ட் ரிமூவரை எடுத்தால் லேபலைக் கட்டாயம் வாசியுங்கள். மெத்திலீன் குளோரைட் அல்லது டைகுளோரோமீதேன் என்று இருந்தால் திருப்பி வையுங்கள். பொலிஸ்டைரீனை நொடியில் கரைக்கும். அதைவிட முக்கியம், அதன் ஆவி உடம்புக்குள் போய்க் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவாக மாறும். சாதாரண ரப்பர் கையுறையையும் நைட்ரைல் கையுறையையும் நிமிடக்கணக்கில் ஊடுருவும். அமெரிக்காவில் 2019இல் இதைக் கொண்ட பெயின்ட் நீக்கிகளைப் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்பதைத் தடை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே கட்டுப்படுத்திவிட்டது. லேபலே இல்லாத திரவத்தை வாங்குவது பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நம் மலைநாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கீழ்நாட்டில் எழுதிய குறிப்புகளில் அது வராது. அங்கே ஜன்னலைத் திறந்து வைப்பது இயல்பு. இங்கே பின்னேரம் நான்கு மணிக்குப் பனி இறங்கினால் கதவு ஜன்னல் எல்லாம் அடைபடும். லயத்து அறை சிறியது, பக்கத்திலேயே அடுப்பு எரியும், சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரியும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலின் தீப்பற்று நிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ். அதற்குமேல் சூடுள்ள அறையில் அதன் ஆவி சிறு சுடருக்கே பற்றும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. குளிர்தானே, பற்றாது என்று நம்பிவிடாதீர்கள். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு நகர்ந்து அடுப்படிக்குப் போகும். அசெற்றோனும் தின்னரும் இன்னும் மோசம். ஆகவே இந்த வேலைக்கு இடம் வாசல் திண்ணைதான், நேரம் பகல்தான்.

குளிர் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். இரசாயன வேலை குளிரில் மெதுவாக நடக்கும். கொழும்பு நண்பர் இரண்டு மணித்தியாலத்தில் முடித்தார் என்பதற்காக, நமக்கு முடியாதபோது இன்னும் காரமானதைத் தேடுகிறோம், அல்லது அல்கஹோலை அடுப்பில் வைத்துச் சூடாக்க நினைக்கிறோம். இரண்டும் வேண்டாம். நேரத்தைக் கூட்டுங்கள். ஐஸ்கிரீம் டப்பா போன்ற, அடியில் 5 என்று போட்ட பொலிப்புரோப்பிலீன் டப்பாவில் பெட்டியை வைத்து, அல்கஹோல் ஊற்றி மூடிவிட்டு, ஒவ்வொரு மணித்தியாலமும் எடுத்துப் பாருங்கள். பெயின்ட் சுருங்கிக் கிளம்பும் இடத்தைப் பழைய மெல்லிய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பித்தளைக் கம்பி பிரஷ் பிளாஸ்டிக்கைக் கீறும். ஆணித்தலை வரிசையும் கதவுக் கீலும் தேய்ந்து போனால் திரும்ப வராது.

ஊறப் போடுமுன் பிரித்தெடுக்க வேண்டியவற்றையும் மறந்துவிடுகிறோம். மோட்டர், விளக்கு, சில்லுத் தொகுதி எல்லாம் வெளியே வர வேண்டும். ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் தெளிந்த பிளாஸ்டிக். அக்ரிலிக்காக இருந்தால் அல்கஹோல் பட்டதும் மயிரிழை வெடிப்பு விழும். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில பெட்டிகளுக்கு உரிப்பதே தேவைப்படாது. தொழிற்சாலைப் பூச்சு மெல்லியதாகவும் சமமாகவும் இருந்தால், எழுத்துகளை மட்டும் அகற்றி, 1000க்கு மேற்பட்ட நம்பர் மணற்தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்து, பிரைமர் அடித்தால் போதும். பழைய பெயின்ட் தடித்துக் கிடந்தால், அல்லது யாரோ பிரஷ்ஷால் பூசிய அலை தெரிந்தால் மட்டுமே உரியுங்கள்.

மிச்சத் திரவத்தை என்ன செய்வது? நான் தலவாக்கலைக்காரன். வீட்டுக் கானில் ஊற்றினால் அது கொத்மலை ஓயாவுக்குப் போகும், அங்கிருந்து மகாவலிக்கு. கீழே எத்தனை ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. அல்கஹோலை ஒரு நாள் அசையாமல் வைத்தால் பெயின்ட் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த பெட்டிக்குப் பாவிக்கலாம், வண்டல் காய்ந்ததும் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போடலாம். பழைய பிரேக் ஒயிலைக் கழிவு எண்ணெய் சேர்க்கும் கராஜில் கொடுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை மட்டும் இன்றைக்கே விடுங்கள். மண்ணெண்ணெயைக் குடித்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை நம் தோட்டங்களில் பலருக்குத் தெரியும். அப்படி ஏதும் விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உரித்து, சவர்க்காரம் போட்டு அலசிய பெட்டியைப் பனி நாளில் அவசரமாகப் பூச வேண்டாம். ஈரக் காற்றில் சில பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். அப்புறம் அதையும் உரிக்க வேண்டி வரும். பெட்டியை ஒரு டப்பாவில் மூடி வைத்துவிட்டு, வெயில் அடிக்கிற ஒரு காலைக்குக் காத்திருங்கள். பெப்ரவரியில் நிறையக் கிடைக்கும்.