ஒரே போன் போதும், வகுப்பு முழுக்கப் பதில் சொல்லும்: பிளிக்கர்ஸ் செய்முறை

வகுப்பில் கேள்வி கேட்டால் கை தூக்குவது எப்போதும் அதே நாலு பேர்தான். மற்றவர்களுக்குப் புரிந்ததா என்பது பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும். இதற்கு செல்போன் உதவும் என்று சொன்னால், "பிள்ளைகளிடம் போன் ஏது?" என்பார்கள். நியாயமான கேள்வி. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, வீட்டிலிருந்த ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட, பாடமே பார்க்க முடியாமல் தவித்த பிள்ளைகளை நாம் மறந்துவிட முடியாது.

பிளிக்கர்ஸ் என்ற செயலிக்குப் பிள்ளைகளிடம் போன் இருக்க வேண்டியதில்லை. ஆசிரியரிடம் ஒரு போன், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு காகித அட்டை, அவ்வளவுதான். அட்டையில் க்யூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்பு உருவம் இருக்கும். அதைச் சுற்றி நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பதில் பி என்றால் பி மேலே வரும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் உருவம் வேறு என்பதால் பக்கத்துப் பையனைப் பார்த்து அப்படியே காப்பியடிக்க முடியாது.

முதல் வேலை: கணக்கும் வகுப்பும்

பிளிக்கர்ஸ் இணையதளத்தில் மின்னஞ்சல் கொடுத்து இலவசக் கணக்கு தொடங்குங்கள். போனிலும் முடியும், ஆனால் பெயர்களைத் தட்டச்சு செய்ய கம்ப்யூட்டர் வசதி. பிறகு புதிய வகுப்பு ஒன்றை உருவாக்கி, வருகைப் பதிவேட்டில் உள்ள வரிசையிலேயே பெயர்களைச் சேருங்கள். ஆளுக்கொரு அட்டை எண் கிடைக்கும். அது வரிசை எண்ணோடு ஒத்துப்போனால் பிறகு குழப்பமே வராது. பெயரும் எண்ணும் போதும். பிறந்த தேதி, பெற்றோர் போன் எண் எதையும் ஏற்ற வேண்டாம்.

அட்டை தயாரித்தல்

அதே தளத்தில் அட்டைகள் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கின்றன. சாதாரணத் தொகுப்பில் 40 அட்டைகள், ஏ4 தாளுக்கு இரண்டு வீதம் 20 தாள். கறுப்பு வெள்ளை பிரிண்ட்டே போதும். வெட்டும்போது உருவத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை விட்டு வெட்டுங்கள். உருவத்தை ஒட்ட நறுக்கினால் கேமரா தடுமாறும். தாள் துவளாமல் இருக்க, பழைய நோட்டு அட்டையில் ஒட்டுங்கள். பளபளப்பான லேமினேஷன் மட்டும் வேண்டாம்: டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கேமராவுக்கு அட்டையே தெரியாது.

கேள்வி எழுதுதல்

உயிர் இங்கேதான் இருக்கிறது. சரியான விடையோடு ஏதோ மூன்று எண்களைப் போட்டு நிரப்பினால், எத்தனை பேர் தப்பு என்பது மட்டும்தான் தெரியும். ஏன் தப்பு என்று தெரியாது. 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். விடைகளை இப்படிக் கொடுங்கள்: ஏ 2/5, பி 5/6, சி 1/6, டி 2/6. சரியான விடை பி. ஏ சொன்னவர் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டார். சி சொன்னவர் கூட்டாமல் பெருக்கிவிட்டார். டி சொன்னவருக்குப் பகுதி 6 என்பது வரை தெரிகிறது, தொகுதிகளை அதற்கேற்ப மாற்ற மறந்துவிட்டார். இந்த மூன்று பேருக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. எந்தத் தப்பு அதிகம் என்று பார்த்து அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

கேள்வியைத் தளத்தில் ஏற்றி, சரியான விடையைக் குறித்து, உங்கள் வகுப்பின் கேள்வி வரிசையில் சேர்த்துவிடுங்கள். முதல் நாளுக்கு ஒரு கேள்வி போதும்.

வகுப்பில்

போனில் பிளிக்கர்ஸ் செயலியை நிறுவி அதே கணக்கில் நுழையுங்கள். நெட் இருக்க வேண்டும். தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள், ஸ்கேன் செய்யும்போது அழைப்பு வந்தால் எல்லாம் கலைந்துவிடும். ஸ்மார்ட் வகுப்பறை இருந்தால் கேள்வியைத் திரையில் காட்டலாம். இல்லையென்றால் கரும்பலகையில் எழுதினாலே போதும்.

யோசிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். பேச்சு கூடாது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்கட்டும். விரல்கள் ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டும், உருவத்தை மறைக்கக் கூடாது. முன் பெஞ்சுக்காரர்கள் நெஞ்சுக்கு நேராகவும் பின்னால் இருப்பவர்கள் தலைக்கு மேலேயும் பிடித்தால் ஒன்றையொன்று மறைக்காது. செயலியில் கேள்வியைத் தொட்டு, ஸ்கேன் பொத்தானை அழுத்தி, போனை மெல்ல நகர்த்துங்கள். போட்டோ எடுக்க வேண்டியதில்லை, கேமரா கண்ணில் பட்டாலே பதிவாகிவிடும். யாருடையது விழவில்லையோ அவர் பக்கம் இரண்டடி நகர்ந்து மறுபடி காட்டினால் சரி.

பதில் வந்த பிறகு

உடனே சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் தவறியிருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990-களில் பரவலாக்கிய முறை இது, நம் வகுப்புக்கும் அப்படியே பொருந்தும். பெரும்பாலோர் தவறியிருந்தால் பேசவிட்டுப் பயனில்லை, பாடத்தை வேறு வழியில் எடுக்க வேண்டும். சிலர் மட்டும் தவறியிருந்தால் மேலே போய்க்கொண்டே, அவர்களைத் தனியாகக் கவனியுங்கள்.

யார் தவறினார் என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லவே கூடாது. முடிவைத் திரையில் காட்டுவதானால் பெயர்ப் பட்டியலைக் காட்டாமல் வரைபடத்தை மட்டும் காட்டுங்கள். ஒருமுறை அவமானப்பட்ட பிள்ளை, அடுத்த முறை பக்கத்து அட்டையில் எந்த எழுத்து மேலே இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் முயலும்.

அட்டைகளை வகுப்பு முடிந்ததும் வரிசையாக வாங்கி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வையுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாதி திரும்பி வராது. ஒன்று தொலைந்தாலும் அந்த எண் உள்ள பக்கத்தை மட்டும் மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.