அறை வெளிச்சத்திலிருந்து லேசர் கோட்டைப் பிரித்தெடுக்க

650 நானோமீட்டர் சிவப்பு லேசர் கோடு கேமரா படத்தில் மங்கித் தெரிந்தால், லென்ஸின் முன் அதே அலைநீளத்துக்கான பேண்ட்பாஸ் ஃபில்டரை (அந்த அலைநீளத்தை ஒட்டிய ஒளியை மட்டும் விடுவது) மாட்டுங்கள். 10 நானோமீட்டர் பட்டை அகலம் ஆசைகாட்டும்; வாங்காதீர்கள். லேசர் டயோடு சூடேறினால் அதன் அலைநீளம் டிகிரிக்குச் சுமார் 0.2 நானோமீட்டர் மேலே நகரும். சாய்ந்து நுழையும் ஒளிக்கோ ஃபில்டரின் பட்டை கீழே இறங்கும். அகலக்கோண லென்ஸில் கோட்டின் முனைகள் மட்டும் மறைவது இதனால்தான். 25 நானோமீட்டர் எடுங்கள்.

பிறகு லேசரை ஒரு ஃபிரேமில் எரித்து, அடுத்ததில் அணைத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் ஒளியை வாங்கும் குளோபல் ஷட்டர் கேமரா அவசியம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். அதனால் எக்ஸ்போஷர் (ஒளி வாங்கும் நேரம்) சரியாக ஒரு துடிப்பு, 10 மில்லிசெகண்ட். 7 வைத்தால் கழித்த படத்தில் சுவரே மினுங்கும்.

ஜன்னல் வெயிலில் பிக்சல் அதன் உச்ச மதிப்பான 255-ஐ இரு ஃபிரேமிலும் தொட்டால் கழித்து மிஞ்சுவது பூஜ்யம். லென்ஸ் துளையைச் சுருக்குங்கள்.