பழைய கார் வாங்குவதா? முதலில் ஏற்காடு ஏற்றிப் பாருங்கள்

சேலத்தில் கார் வாங்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் "பழசை வாங்கி மெக்கானிக்குக்கு அழாதே" என்பார்கள், மீதிப் பேர் "டியூ கட்டியே தேஞ்சு போயிருவே" என்பார்கள். இரண்டும் நடக்கக்கூடியதுதான். என்னிடம் இருப்பது 2009 மாடல் ஆல்டோ, 2017-ல் 1,10,000 ரூபாய்க்கு வாங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பட்டது, கற்றது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் வண்டி பார்க்கக் கூடப் போனதில் தெரிந்துகொண்டது எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்கள் என்று உண்மையாக ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் இடையில் ஓடுவது, மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மாதம் ஒரு முறை ஆத்தூரோ ராசிபுரமோ ஒரு விசேஷம், அவ்வளவுதான். கூட்டினால் 500 கிலோமீட்டரைத் தாண்டாது. அப்படியென்றால் ஐந்து வருஷத்துக்கு 30,000.

இப்போது 7 லட்ச ரூபாய் ஷோரூம் விலையில் ஒரு புது வண்டி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதுவே 91,000. இன்ஷூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்து வண்டி ரோட்டுக்கு வரும்போது 8,30,000 பக்கம் நிற்கும். ஒன்றரை லட்சம் கையில் கட்டி மீதி 6,80,000-ஐ 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடனாக எடுத்தால் மாதம் சுமார் 14,100 டியூ, வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேலே போகும். ஐந்து வருஷம் கழித்து நாலு லட்சத்துக்கு விற்றாலும் கிட்டத்தட்ட ஆறு லட்சம் கரைந்திருக்கும். கிலோமீட்டருக்கு 20 ரூபாய். பெட்ரோல் இதில் இல்லை, சர்வீஸும் அடுத்தடுத்த வருஷ இன்ஷூரன்ஸும் இல்லை.

அதே ஆள் ஒன்றரை லட்சத்துக்குப் பழைய வண்டி வாங்கி, முதல் மாதமே 40,000 செலவு செய்து, வருஷம் 20,000 ரிப்பேருக்கு ஒதுக்கி, இன்ஷூரன்ஸும் பதிவுப் புதுப்பிப்பும் கட்டி, கடைசியில் 70,000-க்குத் தள்ளிவிட்டால் கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் சொச்சம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். வண்டி நின்ற நாளெல்லாம் அவருக்கு நஷ்டம், அவர் புதுசு எடுக்கட்டும்.

பழைய வண்டியின் விலை ஓனர் கேட்கிற விலை இல்லை, அந்த 40,000-ஐயும் சேர்த்ததுதான். கையில் இருப்பது ஒன்றரை லட்சம் என்றால் ஒன்றே கால் லட்சத்து வண்டியைக்கூடப் பார்க்காதீர்கள், ஒரு லட்சத்து வண்டியைப் பாருங்கள்.

எந்த வண்டி? தெருவுக்கு நாலு நிற்கிற வண்டி. ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, ஐ10, பெட்ரோல் ஸ்விஃப்ட். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், சாமானும் உள்ளூரிலேயே கிடைக்கும். செவ்ரோலே 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வண்டிகள் மலிவாக வரும், சில நல்ல வண்டிகள்கூட, ஆனால் ஒரு சின்ன சாமானுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள். டீசல் வேண்டாம். மாதம் 500 கிலோமீட்டருக்கு டீசல் வண்டி வைத்தால் மிச்சமாகிற எரிபொருள் காசை ஒரே ஒரு இன்ஜெக்டர் (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) வேலை சாப்பிட்டுவிடும்.

பேப்பர் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆர்சியில் இருக்கிற என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று நீங்களே குனிந்து பாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நிலுவை அபராதம், கடன், இன்ஷூரன்ஸ் தேதி மூன்றையும் பாருங்கள். கடன் இருந்து முடிந்திருந்தால் படிவம் 35-ம் பேங்க் கடிதமும் வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30. "அப்புறம் மாத்திக்கலாம் தம்பி" என்று புரோக்கர் சொன்னால் காசும் அப்புறம்தான்.

வண்டி பார்க்கப் போகும்போது ஓனரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ தள்ளி ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே மோர் மாதிரி வெளுத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் (என்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் பிரிக்கிற அடைப்பு) போயிருக்கலாம், மேலே பேசாமல் கிளம்பிவிடுங்கள். மீட்டரை நம்பாதீர்கள், அதைத் திருப்புவது சுலபம். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தேய்மானம், டிரைவர் சீட் உட்கார்ந்திருக்கிற அழகு, இதெல்லாம் பொய் சொல்லாது.

இதெல்லாம் எந்த ஊரிலும் செய்யலாம். நமக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது, ஏற்காடு மலை. தட்டையான ரோட்டில் ஜங்ஷன் வரை ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். சேலம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், ஏற்காடு சுமார் 1,500. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவில் 1,200 மீட்டர் போல ஏறுகிறோம். வார நாள் காலையில் போங்கள், சனி ஞாயிறு பெங்களூர் வண்டிக் கூட்டத்தில் எதையும் கவனிக்க முடியாது. பெட்ரோல் நான் போடுகிறேன் என்று ஓனரிடம் சொல்லுங்கள், அவரையும் கூட உட்கார வையுங்கள். முழுசா வேண்டாம் என்றால் ஐந்தாறு வளைவாவது. அதற்கும் ஒத்துக்கொள்ளாத ஓனருக்கு அவர் வண்டி பற்றி நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஏறும்போது மூன்று விஷயம். கண் டெம்பரேச்சர் முள்ளில் இருக்கட்டும். நடுவில் வந்து அங்கேயே நின்றால் நல்லது, ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனால் ரேடியேட்டரோ வாட்டர் பம்போ வேலை கேட்கிறது. சில வண்டிகளில் முள்ளே இருக்காது, சிவப்பு விளக்கு எரியும்போதுதான் தெரியும், அவற்றில் இன்னும் கவனம். இரண்டாவது கிளட்ச். மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லையென்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் பெட்ரோல் என்ஜினுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேலே பலம் குறையும், அதைக் குறையென்று நினைக்காதீர்கள், சத்தமும் வேகமும் சேர்ந்து போகிறதா என்பதுதான் கேள்வி. மூன்றாவது, வளைவில் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுங்கள். முன் சக்கரத்திலிருந்து கட் கட் கட் என்று வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. ஊருக்குள் அப்படி ஒடிக்க இடமே கிடைக்காது, மலையில் 20 முறை கிடைக்கும்.

இறங்கும்போதுதான் இன்னும் நிறையத் தெரியும். இரண்டாம் கியரில் விட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு என்ஜின் பிடியிலேயே இரண்டு மூன்று வளைவு இறங்குங்கள். பிறகு ரோடு நேராகும் இடத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்திக் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை குப்பென்று வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. அப்படி இறங்கும்போது உள்ளே உறிஞ்சும் விசை அதிகமாகி, தேய்ந்த வால்வு சீல் வழியாக ஆயில் இறங்கிவிடும், அதுதான் புகையாக வருகிறது. ஷோரூம் வாசலில் நின்று எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. மலை இறங்க இறங்க பிரேக் பெடல் மெத்தென்று ஆனால் பிரேக் ஆயில் பழசு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சூடானதும் அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிடும், பெடலை மிதித்தால் காற்றை மிதிக்கிற மாதிரி இருக்கும். அப்படித் தோன்றினால் சோதனை போதும், ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள். நியூட்ரலில் இறக்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, இந்த மலையில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், அதுதான் சட்டமும்.

நான் இதை எல்லாம் வாங்கின பிறகுதான் கற்றேன். வாங்கின இரண்டாம் வாரம் ஒரு பட்டறையில் ஃபுல் சர்வீஸ் விட்டு எடுத்து, மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு சேர்வராயன் கோயிலுக்குக் கிளம்பினேன். ஏசி ஓடுகிறது, மாமா முன்சீட்டில். பதிமூன்றாவது வளைவில் முள் மேல் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினால் பானெட் ஓரத்திலிருந்து இட்லிப் பானை மாதிரி ஆவி. மாமா இறங்கி நேராக ரேடியேட்டர் மூடிக்குக் கையை நீட்டினார். "மாமா, தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் சுவரில் இருந்த குரங்குகள் ஓடின. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு (வெயிலில் ஹீட்டரா என்று அத்தை கேட்டார், ஆனால் என்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும்) திரும்பி இறங்கினோம். கோயிலுக்குப் போகவில்லை. கோரிமேட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணா ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார், குழாய் உள்ளெல்லாம் வெள்ளையாக உப்பு. "போர் தண்ணிய ஊத்தியிருக்காங்கண்ணா, கூலன்ட் ஒரு சொட்டு இல்ல." நம் ஊர் போர் தண்ணீர் பக்கெட்டில் படிய வைக்கிற அதே வெள்ளைதான். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், கூலி எல்லாம் சேர்த்து 5,500 ஆனது. நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் ஹெட்டே வளைந்திருக்கும்.

அதனால் வாங்கினதும் முதல் மாதம், வண்டி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், இதையெல்லாம் மாற்றிவிடுங்கள்: என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட்டுகள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் அதை எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு சொல்ல ஆள் இல்லாவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2318 என்றால் 2018-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டிய டயரோடு மலை ஏறாதீர்கள். பெட்ரோல் ஹோஸையும் பாருங்கள், இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. விலை சில நூறுதான், மாற்றிவிட்டால் நிம்மதி.

இவ்வளவு சொன்னாலும் ஒரு இடத்தில் பழைய வண்டி தோற்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. என் ஆல்டோவில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ்ஸும் (சட்டென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இல்லை. 2019-ல்தான் இரண்டும், டிரைவர் ஏர்பேக் என்ற அளவிலாவது, எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயமானது. முன்சீட் பயணிக்கான ஏர்பேக் 2021 கடைசியில். வாராவாரம் ராத்திரியில் தொப்பூர் கணவாய் வழியாகப் பெங்களூர் போய் வருகிற வேலை உங்களுக்கு என்றால், இல்லை கைக்குழந்தையோடு ஹைவேயில்தான் அதிகம் ஓட்டுவீர்கள் என்றால், என் பேச்சைக் கேட்டு 2009 வண்டி வாங்காதீர்கள். அதற்காக ஷோரூமுக்கும் ஓட வேண்டாம். 2020, 2021 வண்டி ஒன்று, சிங்கிள் ஓனர், பில் இருக்கிறது என்றால் முதல் ஓனர் பாதி விலையைக் கரைத்துக் கொடுத்திருப்பார். என்னிடம் இன்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அதையும் மலை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான்.

15 வருஷம் ஆனால் காரை உடைத்துவிட வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 10, 15 வருஷக் கணக்கெல்லாம் டெல்லிச் சுற்றுவட்டாரத்துக்குப் போட்டது, இங்கே இல்லை. இங்கே 15 வருஷம் முடிந்ததும் வண்டியை ஆர்டிஓ ஆபீஸில் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். மத்திய விதியில் காருக்கான கட்டணம் 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். என் வண்டிக்கு 2024-ல் புதுப்பித்தேன். ஆகவே 13, 14 வயசு வண்டியைப் பார்க்கும்போது இந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், ஓனரும் அதற்காகத்தான் இப்போது விற்கிறார்.

எப்போது கைகழுவுவது என்று கேட்டால், அடித்தட்டில் துரு பிடித்துச் சேஸிஸ் வரை போய்விட்டால் அன்றைக்கே. மற்றபடி ஒரே ரிப்பேர் வண்டி விலையில் பாதியைக் கேட்கும்போது. விற்கும்போது வாங்குகிறவர் தெரிந்தவராக இருந்தாலும் படிவம் 29-ஐ நீங்களே ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்து ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா கொடுக்கவில்லை, விற்று ஒரு வருஷம் ஆகியும் கொண்டலாம்பட்டி சிக்னல் அபராதம் அவர் போனுக்குத்தான் வருகிறது.