ஆர்ஓ வாங்குறதுக்கு முன்னாடி டிடிஎஸ் பாருங்க

ஃபில்டர் விக்க வர்றவங்க எல்லா வீட்டுக்கும் ஆர்ஓ (தண்ணில இருக்கற உப்ப எடுக்கற ஃபில்டர்) தான்னு சொல்லுவாங்க, நம்பி உடனே காச குடுத்துடாதீங்க. டிடிஎஸ்னா தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, அத காட்டற ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி டம்ளர்ல தண்ணி புடிச்சு வெச்சு பாருங்க. எங்க வீட்ல மெட்ரோ வாட்டர் 280, அதே கிச்சன்ல போர் தண்ணி 1400, பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும். டிடிஎஸ் 500க்குள்ள இருந்தா ஏத்துக்கலாம்னு ஐஎஸ் 10500ங்கற இந்திய குடிநீர் தரம் சொல்லுது, அதுக்கு பொதுவா ஆர்ஓ தேவையில்ல, யூவி (புற ஊதா ஒளி) ஃபில்டர் போதும்.

ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. செடிமென்ட் ஃபில்டர் மண்ணு, துருவ புடிக்கும், கார்பன் க்ளோரின் வாடைய இழுக்கும், யூவி கிருமிய செயலிழக்க வைக்கும் ஆனா உப்ப தொடாது, உப்ப எடுக்கறது ஆர்ஓ மெம்ப்ரேன் தான். தண்ணிய கொதிக்க வெச்சாலும் கிருமி சாகும், டிடிஎஸ் பெருசா குறையாது.

முக்கியமா, மீட்டர்ல நம்பர் கம்மியா இருந்தா தண்ணி சுத்தம்னு அர்த்தம் இல்லீங்க, கிருமி அதுல தெரியவே தெரியாது. மழை நேரத்துல சம்ப்புல சாக்கட கலந்துச்சுன்னா டைஃபாய்டு, மஞ்சக்காமாலை எல்லாம் வரும், அதனால சம்ப்ப கழுவுங்க, சந்தேகமா இருந்தா தளதளன்னு கொதிக்க வெச்சு ஆற வெச்சு குடிங்க.

ஆர்ஓ வெளிய தள்ளற உப்பு கூடின வேஸ்ட் தண்ணிய பக்கெட்ல புடிச்சு வெச்சு வீடு தொடைக்கலாம், பாத்ரூமுக்கு ஊத்தலாம். செடிக்கு மட்டும் வேணாம், என் துளசி போயே போச்சு.