ஆல்பத்துக்குள் ஃபிளிப்புக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமணம், காதணி விழா, குழந்தையின் முதல் பிறந்தநாள் ஆகியவற்றுக்குச் செய்யும் புகைப்பட ஆல்பத்தோடு, வீடியோவிலிருந்து எடுத்த தொடர்படங்களைச் சிறு ஏடுகளாக அச்சிட்டு, கட்டைவிரலால் விறுவிறுவென்று புரட்டினால் அசையும்படி ஒரு ஃபிளிப்புக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். இது புதிய உத்தி அன்று. இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் பார்ன்ஸ் லின்னெட் 1868-ஆம் ஆண்டிலேயே, அதாவது திரைப்படக் காட்சிகள் தொடங்குவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பே, இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இவ்வளவு எளிய பொருள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. ஆல்பம் செய்து பழகிய கண்ணோடு ஃபிளிப்புக்கையும் செய்ய முயல்கிறோம். ஆல்பத்தில் ஒவ்வொரு படமும் தனித்து நின்று அழகாக இருக்க வேண்டும். ஃபிளிப்புக்கில் ஒவ்வொரு படமும் தனக்கு முன்னும் பின்னும் உள்ள படங்களுக்காகவே இருக்கிறது.

ஆகவே முதல் தவறு, நல்ல படங்களைப் பொறுக்கியெடுப்பது. வீடியோவின் தனித்தனிப் படங்களான ஃபிரேம்களில் கண் மூடியிருப்பதையும் வாய் கோணலாகத் திறந்திருப்பதையும் நீக்கிவிட்டு, சிரிப்பு நன்றாக அமைந்த ஃபிரேம்களை மட்டும் வரிசைப்படுத்தினால், புரட்டும்போது உருவம் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும். மூடிய இமையும் இடம்பெற்றால்தான் கண் சிமிட்டியது தெரியும். ஃபிரேம்களைச் சம இடைவெளியில் எடுக்க வேண்டும் என்பதில் விதிவிலக்கே கூடாது. நொடிக்கு 30 ஃபிரேம் கொண்ட வீடியோவில் மூன்றுக்கு ஒன்றும், 25 ஃபிரேம் கொண்டதில் இரண்டுக்கு ஒன்றும் எடுத்தால் நொடிக்குச் சுமார் 10 முதல் 12 படங்கள் கிடைக்கும். சாதாரணமாகப் புரட்டும் கைக்கு இந்த அளவு ஒத்துப்போகும்.

இந்தக் கணக்கிலிருந்தே அடுத்த தவறும் புலப்படும். 60 ஏடுகள் உள்ள ஒரு ஃபிளிப்புக்கில் அடங்குவது ஐந்து அல்லது ஆறு நொடிகள் மட்டுமே. ஒரு நிமிடச் சடங்கை முழுவதும் காட்டிவிட வேண்டும் என்று நொடிக்கு ஒரு படம் வீதம் எடுத்தால், அசைவு போய், தொடர்பில்லாத படங்கள் வேகமாகக் கடந்து செல்வதுதான் மிஞ்சும். திருமணத்தில் எல்லோரும் முதலில் கேட்பது தாலி கட்டும் நேரத்தை. உணர்வளவில் அதற்கு ஈடில்லை என்றாலும் ஃபிளிப்புக்குக்கு அது பொருந்துவதில்லை. சுற்றிலும் உறவினர் நெருங்கி நிற்பார்கள், முடிச்சுப் போடும் விரல்கள் மறைந்திருக்கும், அசைவும் மிகச் சிறியது. மாலை மாற்றுவது, அட்சதை தூவுவது, குழந்தை தடுமாறித் தடுமாறி நான்கு அடி நடந்து அம்மாவின் கையில் விழுவது ஆகியவை மிக நன்றாக வரும். என் கணிப்பில் எல்லாவற்றிலும் சிறந்தது ஊஞ்சல். இரண்டு மீட்டர் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். இரண்டு ஆட்டங்களில் ஏடுகள் நிறைந்துவிடும். தொடங்கிய நிலைக்கே முடிவு வந்து சேர்வதால், எத்தனை முறை புரட்டினாலும் காட்சி அறுந்ததாகத் தோன்றாது.

படம்பிடிக்கும்போது நேரும் பிழைகளைப் பிறகு திருத்துவது கடினம். கேமராவைக் கையில் பிடித்து எடுத்த வீடியோ திரையில் இயல்பாக இருக்கலாம். தாளில் பின்னணி முழுவதும் குதித்து, அசைய வேண்டிய ஆளைவிடச் சுவர் அதிகமாக அசையும். ஆகவே முக்காலி தேவை. கைபேசியிலானாலும் ஒளியளவு, குவியம், வண்ணச் சமநிலை மூன்றையும் நிலைப்படுத்திவிட்டே பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே போனவுடன் படம் இருண்டு, அவர் போனதும் வெளுக்கும். ஷட்டர் வேகத்திலும் கவனம் வேண்டும். 1/50 நொடியில் எடுத்த ஃபிரேமில் வேகமாக வீசும் கை இழுபட்டு மங்கலாகத் தெரியும். திறந்தவெளியில் 1/250 நொடி வைத்தால் உருவம் கூர்மையாக நிற்கும். மண்டபத்துக்குள் அதே அளவை வைப்பது மற்றொரு தவறு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன, ஷட்டர் அதனோடு ஒத்துப்போகாவிட்டால் ஃபிரேம்களில் இருண்ட பட்டைகள் விழும். அங்கே 1/100 நொடிதான் பாதுகாப்பானது.

பழைய வீடியோ கேசட்டுகளைப் பயனற்றவை என்று ஒதுக்குவதைத் தவறுகளிலேயே மிகவும் வருந்தத்தக்கது என்பேன். தொண்ணூறுகளில் நடந்த திருமணத்தின் வி.எச்.எஸ். கேசட்டை டிஜிட்டலாக மாற்றும்போது, அன்றைய நம் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் பெரும்பாலும் 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட படம் கிடைக்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் இது இரண்டரை அங்குல அகலத்துக்கும் சற்றுக் குறைவு. பக்கம் முழுவதும் பெரிதாக்கினால் முகம் கரைந்துவிடும். ஆனால் ஃபிளிப்புக் ஏட்டுக்குத் தேவையானதே ஏறத்தாழ அந்த அளவுதான். புரட்டும் வேகத்தில் கேசட்டின் சொரசொரப்பும் பெரிதாக உறுத்தாது. இறந்துபோன தாத்தா பந்தியில் நின்று பரிமாறுவதை ஆல்பத்துக்கு ஏற்ற நிழற்படமாக எடுக்க முடியாமல் போகலாம், அசைவாக நிச்சயம் எடுக்கலாம். இரண்டு விஷயங்களை மட்டும் மறக்கக்கூடாது. அந்தக் கால வீடியோவில் ஒரு ஃபிரேமுக்குள் அடுத்தடுத்த இரண்டு கணங்கள் வரிவரியாகப் பின்னப்பட்டிருக்கும். அவற்றைப் பிரிக்காமல் எடுத்தால் அசையும் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். அகலத்தை 768 புள்ளியாக நீட்டிச் சரிசெய்யாவிட்டால் எல்லோரும் சற்று ஒல்லியாகத் தெரிவார்கள்.

இன்றைய வீடியோவில் சிக்கல் வேறு. உறவினர் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் வாங்கினால் அது சுருக்கப்பட்டே வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். புதிய கைபேசிகள் பல, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை அதிகமாகப் பதியும் எச்.டி.ஆர். (HDR) முறையில் பதிவு செய்கின்றன. அதிலிருந்து நேரடியாக ஃபிரேம் எடுத்தால் நிறம் வெளிறிச் சாம்பல் பூத்தாற்போல இருக்கும். முன்கூட்டியே அதை நிறுத்திவிடுவது நல்லது. கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டால் சில மென்பொருள்கள் 1-க்கு அடுத்து 10, 11 என்று அடுக்கிவிடும். 001, 002 என்றே பெயரிடுங்கள்.

நிறம் திருத்தும்போது ஆல்பப் பழக்கம் மறுபடியும் குறுக்கிடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகத் திறந்து தானியங்கித் திருத்தம் கொடுத்தால், மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் சற்று வேறான ஒளியைத் தேர்ந்தெடுக்கும், புரட்டும்போது படம் மினுமினுக்கும். ஒரு ஃபிரேமைத் திருத்தி, அதே அளவுகளை எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருத்த வேண்டும். முகத்துக்கு மெருகூட்டும் வசதிகளை அறவே தவிர்க்கலாம். வெட்டும் சட்டகமும் எல்லா ஏடுகளிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, எங்கே சேர்ப்பது என்ற கேள்வி. ஸ்டுடியோக்களில் கொடுக்கும் காரிஸ்மா வகை ஆல்பங்களின் ஏடுகள் அட்டைபோலத் தடித்தவை. இரு பக்கமும் தட்டையாக விரிவதற்காகவே அப்படிச் செய்யப்படுகின்றன. அவற்றின் மூலையில் தொடர்படங்களை அச்சிட்டால் புரட்ட இயலாது, வளையாத ஏடு விரலிலிருந்து நழுவவும் செய்யாது. மெல்லிய தாளில் செய்த புகைப்பட நூலின் வலப்பக்க ஓரத்தில் அச்சிடலாம் என்றாலும், 40 ஏடுகள் இருந்தால் கிடைப்பது மூன்று, நான்கு நொடிதான். ஃபிளிப்புக்கைத் தனியாகச் செய்து, ஆல்பத்தின் பின்னட்டையில் ஒரு பள்ளமோ உறையோ அமைத்து அதில் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். அதே வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை ஆல்பத்தில் முழுப்பக்கமாகப் போட ஆசைப்பட வேண்டாம்: 1920-க்கு 1080 புள்ளி கொண்ட படம் 18 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 107 புள்ளியாகக் குறைந்துவிடும். மூன்றங்குல ஏட்டுக்கோ அதில் பாதி அகலத்தை வெட்டியெடுத்தாலும் போதும். ஆளை நெருக்கமாகக் காட்டுவதற்கு அது உதவும்.

ஏட்டின் முழுப்பரப்பிலும் படத்தைப் பரப்புவதும் பிழையே. பைண்டிங் பக்கத்தில் சுமார் ஓர் அங்குலம் புரட்டும்போது திறக்காது. அதைக் காலியாக விட்டு, உருவம் வெளி ஓரத்தை நோக்கி அமைய வேண்டும். அந்தக் காலி இடத்தில் சிறு வரிசை எண் அச்சிட்டால், கட்டிங்கின்போது ஏடுகள் கலைந்தாலும் அடுக்கிவிடலாம். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க, வெளி ஓரங்களில் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் நீண்டிருக்க வேண்டும்.

தாள் தேர்வில் 'தடிமனாக இருந்தால் தரமாக இருக்கும்' என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. 200 முதல் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதுமானது, 250-இல் 60 ஏடுகள் சுமார் 18 மில்லிமீட்டர் தடிமன் ஆகும், அது கைக்கு அடக்கமாக இருக்கும். தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருக்குமாறு அச்சகத்தில் சொல்ல வேண்டும். குறுக்கே இருந்தால் ஏடு விறைத்துக்கொள்ளும். பளபளப்பு லேமினேஷன் ஏடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் என்பதால் அது அட்டைக்கு மட்டும் போதும். பைண்டிங்கில் சென்டர் பின் முறை கூடாது, ஏனெனில் மடித்து நுழைத்த தாள்களில் உட்பக்கங்கள் வெளியே தள்ளப்பட்டு, வெட்டிய பிறகு படம் ஏட்டுக்கு ஏடு இடம் மாறியிருக்கும். ஸ்பைரலில் ஏடு வளையத்தில் தளர்ந்து ஆடுவதால் விசை கிடைக்காது. பசை மட்டும் போட்ட முதுகு அடிக்கடி புரட்டினால் பிளந்துவிடலாம். பக்கவாட்டில் அழுத்தமாகப் பின் அடித்து, மேலே அட்டை ஒட்டுவதே உறுதியான வழி.

மாதிரி பார்க்காமல் இறுதி அச்சுக்குக் கொடுப்பது பணத்தையும் உழைப்பையும் வீணாக்கும். முதலில் கணினியில் ஃபிரேம்களை நொடிக்கு 12 வீதம் ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு சாதாரணத் தடித்த தாளில் கறுப்பு வெள்ளையாக முழுத் தொகுப்பையும் எடுத்து, வெட்டி, ஒரு பெரிய கிளிப்பால் இறுக்கிப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து புரட்டுவது என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். சிலர் முன்னிருந்து பின்னாகவும் சிலர் பின்னிருந்து முன்னாகவும் புரட்டுவார்கள், இரண்டாவது வகையில் குழந்தை பின்னோக்கி நடக்கும். அட்டையில் ஓர் அம்புக்குறி போட்டால் இது தீரும். வீட்டிலுள்ள பாட்டியிடமும் பத்து வயதுப் பிள்ளையிடமும் மாதிரியைக் கொடுத்துப் புரட்டச் சொல்லுங்கள்: மெதுவாகப் புரட்டும் கைக்கும் வேகமாகப் புரட்டும் கைக்கும் அசைவு புரிந்தால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம், மெதுவான கைக்குத் துண்டு துண்டாகத் தெரிந்தால், அதே காட்சியிலிருந்து இன்னும் நெருக்கமான இடைவெளியில் ஃபிரேம் எடுத்து மறுபடியும் மாதிரி செய்ய வேண்டும்.