நடனப் படத்தில் எது ஆள், எது விம்பம்?

முதலில் தலையைப் பாருங்கள். பரத அலங்காரத்தில் தலையில் வைக்கும் நகைகளில் சூரியப்பிறை ஆடுபவளின் வலப்பக்கம், சந்திரப்பிறை இடப்பக்கம். எங்களைப் பார்த்து நிற்பவளுக்குச் சூரியன் எங்கள் இடக்கைப் பக்கம் தெரியவேணும். கண்ணாடிக்குள் தெரியும் முகத்தில் வலக்கைப் பக்கம். தண்ணீர் வேறு: தலைகீழாக்கும், இடம் வலம் மாற்றாது. இரணைமடுக் குளக்கரையைப் பின்னணியாகக் கீறினால் சறுக்குவது இங்கேதான்.

எதிரெதிரே இருவரா? நிலை மட்டும் திரும்பி, பிறைகள் அவரவர் பக்கத்திலேயே இருந்தால் இரண்டு ஆட்கள். பிறையும் திரும்பியிருந்தால் விம்பம், அல்லது அச்சைப் புரட்டி ஒற்றியது. பொருள் தேடுவது அதற்குப் பிறகு.

நடராசருக்கு வலக்கால் முயலகன் என்ற அசுரன்மேல், இடக்கால் தூக்கியது. பின் வலக்கையில் உடுக்கை, அது படைப்பு. பின் இடக்கையில் தீ, அது அழிப்பு. எல்லாமே மாறினால் படம் புரண்டது. கால் மட்டும் மாறினால் உடனே பிழை பிடிக்காதீர்கள். மதுரை மீனாட்சி கோயிலின் வெள்ளியம்பலத்தில் அவர் தூக்கியிருப்பது வலக்காலைத்தான்.